ஃபில்லட் வெல்டிங்: மேலே அழகு, ரூட்டில் ஸ்லாக்

கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். கன்வேயர் சப்போர்ட்டுக்கு பிராக்கெட் செய்து தரச் சொல்லி ஒரு கம்பெனியிலிருந்து ஆர்டர் வந்தது. இருநூற்றுச் சொச்சம் பீஸ். 16 மி.மீ. பேஸ் பிளேட், பின்னால் அதே தடிமனில் ஒரு தகடு, நடுவில் 60 மி.மீ. இடைவெளி விட்டு இரண்டு ரிப் (செங்குத்தாக நிற்கிற தாங்கு தகடு), ரிப் 8 மி.மீ. எல்லாம் சாதா எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்). டிராயிங்கில் 6 மி.மீ. ஃபில்லட் (இரண்டு தகடு சேருகிற மூலையில் முக்கோணமாகப் போடுகிற வெல்டிங்), இரண்டு பக்கமும், 6013 ராடு (சாதா வேலைக்கான வெல்டிங் ராடு). எங்கள் தொழிலில் இதைவிட எளிய வேலை கிடையாது. அடித்தோம், ஸ்லாக் (ராடு கோட்டிங் உருகி மேலே படிகிற கசடு) தட்டினோம், பிரஷ் போட்டோம், ரெட் ஆக்சைடு அடித்து அனுப்பினோம். அனுப்புவதற்கு முன் கம்பெனி ஆள் வந்து கேஜ் வைத்து லெக் அளவு (மூலையிலிருந்து வெல்டிங் தகட்டில் ஏறியிருக்கிற நீளம்) பார்த்தார், பத்துப் பதினைந்து பீஸுக்கு டி.பி. டெஸ்ட்டும் (சிவப்புச் சாயம் தடவி வெடிப்பு பார்ப்பது) போட்டார். ஒரு சிவப்புக் கோடு கூட வரவில்லை. "பீடிங் அழகா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

எரெக்‌ஷன் நடக்கும்போது ஒரு பிராக்கெட் லைனுக்கு வரவில்லை என்று சம்மட்டியால் ரிப்பில் தட்டியிருக்கிறார்கள். ரிப் தனியாகக் கழன்று விழுந்துவிட்டது. வளையவில்லை, கிழியவில்லை, பசை வைத்து ஒட்டினது பெயர்ந்து வருகிற மாதிரி வந்துவிட்டது. போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மேலே ஆள் நிற்கும்போது அது கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று இரவு தூங்கவே இல்லை. இரண்டு நாளில் மொத்த லாட்டும் லாரியில் திரும்பி வந்தது. கூடவே ஒரு ரிஜெக்‌ஷன் நோட்: "ஸ்லாக் இன்க்ளூஷன், லேக் ஆஃப் ஃப்யூஷன்." அதாவது ஸ்லாக் உள்ளே மாட்டியிருக்கிறது, இரும்பு உருகிச் சேரவில்லை. காரணம் எதுவும் எழுதவில்லை. அதைக் கண்டுபிடிப்பது உன் பாடு.

வெல்டர் அண்ணன் என்னைவிட மூத்தவர், இருபது வருஷ சர்வீஸ். அவரிடம் போய் இதைக் காட்டுவதே பெரிய சங்கடம். "ராடு சரியில்லீங்க தம்பி, இந்த பேக்கெட் ஆரம்பத்துல இருந்தே ஒட்டிக்கிட்டே இருந்துச்சு" என்றார். ராடு கடைக்காரர், "உங்க மெஷின்ல கரண்ட் பத்தலைங்க" என்றார். மெஷின் ரிப்பேர்க்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மெஷின் நல்லாத்தான் இருக்கு, கை வேலைதான் சரியில்லை என்றார். ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டினார்கள். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் நானே ஒவ்வொன்றாக உடைத்துப் பார்க்க உட்கார்ந்தேன். கடைசியில் பார்த்தால் மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருந்தது. பெரிய காரணத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை.

முதலில் செய்ய வேண்டியது, உடைந்த முகத்தை நன்றாகக் கழுவித் துடைத்து வெயிலில் வைத்துப் பார்ப்பது. அவசரத்தில் நிறைய பேர் இதைச் செய்வதில்லை. கரும்பழுப்பு நிறத்தில் கண்ணாடிச் சில்லு மாதிரி ஊசியால் குத்தினால் பொடிந்து வந்தால் அது ஸ்லாக். உருகிய இரும்புக்கு மேலே மிதந்து வரவேண்டியது, வர வழியில்லாமல் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. ஃப்யூஷன் ஆகாத இடம் வேறு மாதிரி. பிளேட்டின் பழைய தோல் அப்படியே இருக்கும். எங்கள் பீஸில் பேஸ் பிளேட் மேல் கிரைண்டர் போட்ட கோடுகள் கூட அழியாமல் தெரிந்தன. மேலே இரும்பு ஓடிப் படிந்திருக்கிறது, கீழே இருந்த பிளேட் உருகவே இல்லை. நல்ல வெல்டிங் உடைந்தால் முகம் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருக்கும். எங்கள் பீஸில் ரூட் (வெல்டிங்கின் அடிமூலை) நெடுக, பென்சில் கோடு தடிமனுக்கு ஸ்லாக், அதற்குப் பக்கத்திலேயே உருகாத பட்டை. 6 மி.மீ. லெக் என்றால் த்ரோட் (அடிமூலையிலிருந்து மேல்தோல் வரை உள்ள கனம்) சுமார் 4.2 மி.மீ.தான். அதுவும் இரும்பு மூலை வரை போயிருந்தால். ரூட்டில் 2 மி.மீ. ஸ்லாக் உட்கார்ந்தால் மிச்சம் பாதிதான் வேலை செய்யும். கேஜ் வைத்துப் பார்த்தால் இது எதுவும் தெரியாது.

டி.பி. டெஸ்ட் பாஸ் ஆனதே என்று கேட்கலாம். டி.பி. மேல்தோலில் வாய் திறந்த வெடிப்பை மட்டும்தான் காட்டும். மூலைக்குள் மூடிக் கிடக்கிற ஸ்லாக்கை அது எப்படிப் பார்க்கும்? எக்ஸ்ரே பட் ஜாயிண்டுக்குத்தான் (விளிம்போடு விளிம்பு சேர்ப்பது) சரிப்படும், ஃபில்லட்டில் தடிமன் மாறிக்கொண்டே போவதால் படம் குழப்பும். அல்ட்ராசோனிக்கும் இவ்வளவு சின்ன ஃபில்லட்டில் கஷ்டம். ஆக, ஃபில்லட்டின் ரூட் எப்படி இருக்கிறது என்று தெரிய ஒரே மலிவான வழி, உடைத்துப் பார்ப்பதுதான். ஐ.டி.ஐ.யில் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பட்டறைக்கு வந்த பிறகு யாரும் செய்வதில்லை.

பக்கத்துப் பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ் இருந்தது. திரும்பி வந்த லாட்டில் கண்ணை மூடிக்கொண்டு சிலவற்றை எடுத்து, ரிப்பின் ஒரு பக்க வெல்டிங்கை கிரைண்டரால் அறுத்துவிட்டு, மறுபக்கத்து ரூட் வாய் பிளக்கிற மாதிரி அழுத்தினேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. ரிப்பின் வெளிப்பக்க ஃபில்லட் பெரும்பாலும் நன்றாக இருந்தது. இரண்டு ரிப்புக்கும் நடுவில், உள்பக்கத்தில் அடித்ததுதான் கிட்டத்தட்ட எல்லாமே மோசம். ஒரே ஆள், ஒரே ராடு, ஒரே மெஷின். அப்படியானால் உள்ளே அடிக்கும்போது என்ன மாறுகிறது என்று பார்த்தால் போதும். நீங்களும் உடைக்கும்போது எந்தத் துண்டு எந்தப் பக்கத்தது என்று சாக்பீஸில் குறித்துக்கொண்டு உடையுங்கள். மொத்தமாக உடைத்துக் குவித்தால் ஒன்றும் புரியாது.

அண்ணனை ஒரு புது பிராக்கெட் அடிக்கச் சொல்லி, இன்னொரு ஷீல்டு பிடித்துக்கொண்டு பக்கத்தில் குனிந்து பார்த்தேன். 60 மி.மீ. சந்துக்குள் ஹோல்டர் நுழையாது. பின்பக்கம் தகடு மூடியிருக்கிறது. அதனால் வாய்ப்பக்கம் நின்று, ராடை நன்றாகச் சாய்த்து உள்ளே நீட்டி, முன்னாலிருந்து பின்தகடு நோக்கி அடித்துக்கொண்டு போனார். அப்படிப் போகும்போது ராடின் நுனி போகிற திசையைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. ஆர்க்கின் வேகம் ஸ்லாக்கையும் முன்னாலேயே தள்ளுகிறது. உருகிய ஸ்லாக் மூலைக்குள் முதலில் ஓடி உட்கார்ந்துவிடுகிறது, இரும்பு அதன் மேல் ஏறிப் போகிறது. சாய்வு அதிகமானதால் ஆர்க்கும் நீளமாகிவிட்டது, சூடு ரூட்டுக்குப் போகாமல் பரவிவிட்டது. ஷீல்டு கண்ணாடி வழியே உற்றுப் பார்த்தால் இது தெரியும். உருகிய இரும்பு வழவழவென்று ஒரே மாதிரி இருக்கும், ஸ்லாக் அதன் மேல் கலங்கிக் கலங்கி நகரும். நகர்கிற அந்தக் கலங்கல் ராடுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எங்கள் பீஸில் ராடுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

திருப்பி அடிக்கச் சொன்னேன். பின்தகட்டு மூலையில் ஆர்க் பிடித்து வாய்ப்பக்கமாக இழுத்து வர வேண்டும். ராடு அதே மாதிரிதான் சாய்ந்திருக்கும், ஆனால் இப்போது அது இழுவையாகிவிடுகிறது, ஸ்லாக் பின்னால் தங்கிவிடுகிறது. "இதுல என்னங்க தம்பி வித்தியாசம் வரப்போகுது" என்றுதான் அடித்தார். உடைத்துக் காட்டினேன். ரூட்டில் ஸ்லாக் கோடு போயே போய்விட்டது, உருகாத பட்டை மட்டும் அங்கங்கே இருந்தது. அவர் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதை முன்னாடியே உடைச்சுப் பார்த்திருக்கலாமே" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அசெம்பிளி வரிசையையே மாற்றினோம். முதல் ரிப்பை டேக் பண்ணி (அங்கங்கே புள்ளியாக ஒட்டி) இரண்டு பக்கமும் முழுசாக அடித்து முடித்த பிறகுதான் இரண்டாவது ரிப் உட்காரும். இதனால் சந்துக்குள் அடிக்க வேண்டியது நாலு ஃபில்லட்டில் இரண்டாக இருந்தது ஒன்றாகக் குறைந்தது. எல்லாவற்றையும் முதலில் டேக் பண்ணி அடுக்கிவிட்டு அப்புறம் மொத்தமாக அடிப்பது பட்டறைப் பழக்கம். பெட்டி மாதிரி, சந்து மாதிரி இருக்கிற வேலைகளில் அந்தப் பழக்கம் ஆகாது.

மிச்சமிருந்த உருகாத பட்டைக்குக் காரணம் கரண்ட். எங்களுடையது பழைய ஏ.சி. டிரான்ஸ்ஃபார்மர் செட். கரண்ட் காட்டுகிற முள் 160 ஆம்பியரில் நின்றது. 4 மி.மீ. ராடுக்கு, அதாவது எட்டு கேஜுக்கு, 140 முதல் 180 ஆம்பியர் வரை ஓட்டலாம், அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. ஹோல்டர் கேபிளில் கிளாம்ப் மீட்டரைப் போட்டு ஆர்க் ஓடும்போது பார்த்தால் 125ஐத் தாண்டவில்லை. ஏன் என்று தேடினால் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் ஒழுகியிருக்கிறது. மதிய நேரத்தில் அக்கம்பக்கத்து மெஷின்கள் எல்லாம் ஓடுவதால் லைன் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. எர்த்துக்குக் கிளாம்ப் கிடையாது, கேபிளை ஒரு ஆங்கிள் துண்டில் கட்டி டேபிள் மேல் போட்டு வைத்திருந்தார்கள். கேபிள் லக் (கேபிள் முனையில் இருக்கிற இணைப்பு) கருகியிருந்தது. கையை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும், சுடுகிற இடத்தில்தான் கரண்ட் வீணாகிறது (மெஷினை ஆஃப் பண்ணிவிட்டுத் தொடுங்கள்). எர்த்தை டேபிளில் போல்ட் போட்டு முடுக்கி, லக் மாற்றி, தேவையில்லாமல் சுருட்டிக் கிடந்த கேபிளை வெட்டிய பிறகு முள்ளும் மீட்டரும் ஓரளவு ஒத்துப்போயின. முள்ளை நம்பாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் செட்டுக்குச் சாதாரண கிளாம்ப் மீட்டரே போதும். இன்வெர்ட்டரில் டி.சி. ஓட்டுகிறவர்களுக்கு டி.சி. அளக்கிற மீட்டர் வேண்டும். இன்வெர்ட்டர் தானே கரண்டைச் சரிசெய்துகொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் இன்புட் வோல்டேஜ் ரொம்ப இறங்கினால் அதுவும் கைவிட்டுவிடும்.

இன்னொன்று, 16 மி.மீ. பேஸ் பிளேட் சூட்டை உறிஞ்சிவிடும், 8 மி.மீ. ரிப் சீக்கிரம் உருகிவிடும். ராடைச் சரியாக 45 டிகிரியில் பிடித்தால் ரிப் பக்கம் நன்றாகப் பிடித்து பேஸ் பக்கம் விட்டுப்போகிறது. நுனியைத் தடிமனான பிளேட் பக்கம் கொஞ்சம் காட்ட வேண்டும். தடித்த பிளேட்டில் சின்ன ஃபில்லட் ஓட்டினால் பிடிக்காது என்பதால்தான் ஐ.எஸ். 816 என்ற இந்திய வெல்டிங் தரநிலையில் 10 மி.மீ. தடிமன் வரை 3 மி.மீ., அதற்கு மேல் 20 வரை 5 மி.மீ. என்று முதல் ரன்னுக்கே (ஒரு தடவை ஓட்டுவது ஒரு ரன்) குறைந்தபட்ச அளவு போட்டிருக்கிறார்கள். சந்துக்குள் நாங்கள் முதல் ரன்னைப் பத்து கேஜுக்கு, 3.15 மி.மீ.க்கு, மாற்றி 120-130 ஆம்பியரில் ஓட்டினோம். எட்டு கேஜ் ராடு அந்த மூலைக்குள் போய் உட்காரவில்லை, பக்கச் சுவரிலேயே ஆர்க் அடித்துவிடுகிறது. ரூட் ரன்னில் கை ஆட்டக் கூடாது, நேராக இழுக்க வேண்டும். அகலமாக ஆட்டி ஒரே ரன்னில் 6 மி.மீ. காட்டினால் பார்க்க அழகு, ரூட் காலி.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள், ஆனாலும் ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கெடுத்திருந்தன. பிராக்கெட்டுக்கு முட்டுக் கொடுத்திருந்த துண்டால் ஜாயிண்ட் ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. சரிவில் கீழ்நோக்கி அடித்தால் ஸ்லாக் தானாகவே முன்னால் ஓடும், மேல்நோக்கி அடித்தால் ஓடாது. ஒரு லெவல் குழாயை வைத்துப் பார்த்தால் தீர்கிற விஷயம். ரிப் கேஸ் கட்டிங்கில் வெட்டியது, அடியில் ஒட்டிய கட்டிகளைத் தட்டாமல் டேக் பண்ணியதால் இடைவெளி விட்டு, அந்த இடைவெளிக்குள் ஸ்லாக் போய்விட்டது. 1.5 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் லெக்கையும் அந்த அளவுக்குக் கூட்ட வேண்டும், அதைவிட விளிம்பைத் தேய்த்துச் சேர்ப்பது சுலபம். டேக் மேலிருந்த ஸ்லாக்கைத் தட்டாமலே மேலே ஓட்டியிருந்தார்கள். ராடு முடிந்து அடுத்த ராடு ஆரம்பிக்கிற இடத்தில் குழியைச் சுத்தம் செய்யாமல் அப்படியே தொடர்ந்திருந்தார்கள். குழியைத் தட்டிப் பிரஷ் போட்டு, ஒரு சென்டிமீட்டர் முன்னால் ஆர்க் பிடித்து, பின்னால் குழிக்குள் வந்து நிரப்பி, அப்புறம் முன்னேற வேண்டும். உடைத்துப் பார்த்தால் இந்த ஆரம்ப இடங்கள்தான் தனியாகக் கறுத்துத் தெரியும்.

ராடு விஷயத்தில் அண்ணன் சொன்னதும் பொய்யில்லை. ஒரு பேக்கெட்டில் சில ராடுகளில் கோட்டிங் ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிசு. எரிந்த நுனி நகம் மாதிரி ஒரு பக்கம் நீண்டுகொண்டே வரும், ஆர்க் இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் போகும். அப்படி வந்தால் அந்த ராடைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான், கையால் சமாளிக்க முடியாது. ஈரமான ராடு என்று சிலர் சொன்னார்கள், ஈரத்தில் வருவது பெரும்பாலும் காற்றுக் குமிழி ஓட்டை, இந்த மாதிரி நீளக்கோடு ஸ்லாக் அல்ல. "7018க்கு மாத்திடுங்க" என்று ஒருவர் அறிவுரை சொன்னார். 7018 என்பது வேறு வகை ராடு. வேலையைப் பார்க்காமலே சொல்கிற மருந்து அது. எங்கள் பழைய ஏ.சி. செட்டில் அது ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கியது. அதற்கு டி.சி.தான் சுலபம், ராடைச் சூடாக்க ஓவனும் வேண்டும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் வாங்கலாம், ஆனால் ஸ்லாக்கை முன்னால் தள்ளி அடித்தால் 7018இலும் ஸ்லாக் உள்ளேதான் போகும். இதையெல்லாம்விட மலிவாகச் சரியானது ஷீல்டு கண்ணாடி. தீப்பொறி பட்டுப் புள்ளி புள்ளியாகிப் போன வெளிக்கண்ணாடியோடு வேலை செய்தால் இரும்பு எது, ஸ்லாக் எது என்று எந்த வெல்டராலும் பிரித்துப் பார்க்க முடியாது. இருபது ரூபாய்க் கண்ணாடி.

ரிப்பேர்தான் என்னைக் கொன்றது. எந்த பீஸ் நல்லது, எது கெட்டது என்று வெளியே தெரியாததால் உள்பக்கம் அடித்த எல்லாவற்றையும் தோண்ட வேண்டியிருந்தது. "மேல ஒரு ரன் ஓட்டிரலாமுங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். செய்யாதீர்கள். 6013 மேலிருந்து ஓடினால் ஓரிரண்டு மி.மீ. ஆழம்தான் உருக்கும், அடியில் கிடக்கிற ஸ்லாக் அப்படியே இருக்கும். கிரைண்டரில் ரூட் வரை அறுத்து, பளபளவென்று இரும்பு தெரிகிற வரை போய், அந்தக் குழியில் டி.பி. போட்டு ஸ்லாக் கோடு மிச்சமில்லை என்று பார்த்த பிறகுதான் அடைக்க வேண்டும். டி.பி. உண்மையில் உதவுவது இந்த இடத்தில்தான். முதல் தடவை அடித்ததைவிட அறுக்கத்தான் அதிக நேரம் ஆனது. கட்டிங் வீல் பெட்டி பெட்டியாகத் தீர்ந்தது. மறுபடி சூடு பட்டதில் ரிப் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, அதை நிமிர்த்தத் தனியாக வேலை. வீல், ராடு, கூலி, ரெட் ஆக்சைடு, போக வர லாரி வாடகை, எரெக்‌ஷன் தாமதத்துக்கு கம்பெனி போட்ட டெபிட் நோட் எல்லாம் சேர்த்து ஒன்றே கால் லட்சம் கையைக் கடித்தது. அந்த ஆர்டரில் லாபம் முப்பதாயிரம் கூட வந்திருக்காது. இடையில் வேறு ஆர்டர் எடுக்க முடியாமல் போனது கணக்கிலேயே இல்லை.

பீஸ் ரேட் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு பிராக்கெட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் எட்டு கேஜைப் போட்டு அகலமாக ஆட்டி ஒரே ரன்னில் முடிப்பதுதான் யாருக்கும் தோன்றும். அவர்கள் மேல் தப்பில்லை. ரூட் ரன் தனி, ஃபைனல் ரன் தனி, நடுவில் ஸ்லாக் தட்டுகிற நேரம் தனி என்று பிரித்துக் கூலி போட்ட பிறகுதான் எங்கள் பட்டறையில் ரூட் ரன் ஒழுங்காக விழ ஆரம்பித்தது.

இப்போது எந்த ஃபில்லட் வேலை வந்தாலும் முதல் நாள் அதே தடிமனில் இரண்டு வேஸ்ட் துண்டை T எழுத்து போல நிறுத்தி, 150 மி.மீ. நீளத்துக்கு ஒரு பக்கம் மட்டும் அடிக்கச் சொல்கிறேன். நடுவில் வேண்டுமென்றே ஒரு தடவை ராடை நிறுத்தி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஆறிய பிறகு வெல்டிங் பக்கமாகவே அடித்து மடக்கி ரூட்டை விரிக்கிறோம். உடையாமல் தட்டையாக மடங்கினால் பிரச்சினை இல்லை. உடைந்தால் முகத்தைப் பார்க்கிறோம். அமெரிக்க ஏ.டபிள்யூ.எஸ். டி1.1 கோடில் வெல்டர் டெஸ்ட்டுக்கு வைத்திருக்கும் அளவை அப்படியே எடுத்துக்கொண்டேன்: ரூட் வரை முழுசாக உருகியிருக்க வேண்டும், எந்த ஸ்லாக்கோ ஓட்டையோ 2.5 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, அந்த 150 மி.மீ.க்குள் இருப்பதையெல்லாம் கூட்டினால் 10 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. சந்து வேலையாக இருந்தால் பக்கத்தில் ஒரு டம்மி தகட்டை அதே இடைவெளியில் நிறுத்தி வைத்துத்தான் அடிக்க வேண்டும். திறந்த டேபிளில் அடித்த துண்டு பாஸ் ஆவதில் பிரயோஜனமில்லை. உடைந்த துண்டில் தேதி, ஆம்பியர், ராடு கேஜ் எழுதி அலமாரியில் போட்டு வைக்கிறேன்.

கொட்டேஷனிலும் "ஃபில்லட் பிரேக் டெஸ்ட்" என்று தனி வரி போட்டு ஒரு தொகை கேட்கிறேன். பாதிப் பேர் அந்த வரியை அடித்துவிட்டு ஆர்டர் தருகிறார்கள். அப்போதும் டெஸ்ட் போடுகிறேன், காசு மட்டும் வராது.